ஒரு கட்டு சாமைத் தாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. வரி கோணும், சொன்னதையே திரும்பச் சொல்லும். மறதி வேறு. போன வாரம் இங்கே என்ன எழுதினேன் என்று திடீரென்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது பழகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், எல்.கே.ஜி. வகுப்புக்கு நான் ஆயாம்மா. மூக்குத் துடைப்பது, ஷூ லேஸ் கட்டுவது, திறக்க வராத டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பது… இதுதான் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு வயசுக்காரர்கள் முன்னால் மட்டும் ஒட்டாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. பிரேயர் முடிந்து, பால் குடித்து, பிள்ளைகள் ஏ.பி.சி.டி. எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே எதிரில் இருக்கிற கேட் தெரியாத அளவுக்கு மூடுபனி. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தால் வாசலில் ஒரு பெரிய தாள்கட்டு நின்றுகொண்டிருந்தது. தாள்கட்டுக்குக் கீழே ஒரு மனிதர். அந்த மனிதரின் விரலைப் பிடித்துக்கொண்டு எங்கள் தர்ஷினி.

அவர் தர்ஷினியின் அப்பா செல்வம். மாரமங்கலத்துக்குப் பக்கத்தில் விவசாயம். கொஞ்சம் சாமை, கொஞ்சம் காப்பி, நாலைந்து மிளகுக்கொடி, ஒரு பசுமாடு. சாமையை அடித்து எடுத்தபிறகு மிஞ்சுகிற, வைக்கோல் மாதிரியான தாள்தான் அவர் தலையில் இருந்தது. மாட்டுக்குத் தீவனம்.

“ஏனுங்கம்மா, கொழந்தை எங்கீங்க?” என்றார்.

“எந்தக் கொழந்தை தம்பி? இங்க எல்லாமே கொழந்தைதானே?”

“அதில்லீங்க… பச்சக் கொழந்தை. ஸ்கூலுக்கு ஒரு கொழந்தை வருதாமா, படுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாமா, வெறுங்கட்டை மேலதான் போடப் போறாங்கன்னு பாப்பா சொல்லுச்சுங்க. நாலு நாளா ஊட்டுல இதே பேச்சுங்க.”

எனக்குப் புரிவதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

உங்களுக்குப் புரிய வேண்டுமே… அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் வகுப்பில் பாடம் காலண்டரைப் பார்த்து நடப்பதைவிட ஜன்னலைப் பார்த்து நடப்பதுதான் அதிகம். ஜூனில் மழை பிடித்தால் குடைப் பாடம். வராந்தாவில் குடைகளை வரிசையாக விரித்து வைத்து, எது சிவப்பு, எது நீலம், எது பெரிசு, எது சிறிசு. சுவர் ஓரமாகக் கயிறு கட்டிச் சாக்ஸ் காயப்போட்டிருப்போம் — அது ஜோடி சேர்க்கிற பாடம். (ஒரு வருஷமும் எல்லாச் சாக்ஸுக்கும் ஜோடி கிடைத்ததில்லை.) ஆரஞ்சு வரும் காலத்தில் சுளையை எண்ணுவோம்; கணக்குப் பாடம் முடியும்போது கணக்கு வயிற்றுக்குள் போயிருக்கும். சில்வர் ஓக் இலை உதிர்ந்தால் அதைப் பெயின்ட்டில் தோய்த்து அச்சு எடுப்பது. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில், எஸ்டேட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிற பழங்களை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு.

டிசம்பர் வந்தால் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸுக்கு மனசைத் தயார் செய்கிற நாட்கள். அதற்கு எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு.

குடிலில் வைக்கிற தீவனத் தொட்டி இருக்கிறதே — குழந்தை இயேசுவைக் கிடத்துகிற தொட்டி — அதை மாதத் தொடக்கத்திலேயே வகுப்பு மூலையில் வைத்துவிடுவோம். காலியாக. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, கத்தரித்த வைக்கோல். ஒரு பிள்ளை ஒரு நல்லது செய்தால், மிஸ் டப்பாவிலிருந்து ஒரே ஒரு தாள் எடுத்துக் கொடுப்பார். அதைப் பிள்ளை கொண்டுபோய்த் தொட்டியில் போட வேண்டும். கிறிஸ்துமஸ் புரோகிராமுக்குள் மெத்தை மாதிரி ஆகிவிட வேண்டும். அன்றைக்குத்தான் குழந்தை வரும்.

இந்த வருஷம் டப்பாவில் இருந்தது நெல் வைக்கோல். ஷீலா மிஸ் கொண்டுவந்தது. அவர் குப்பனூர்க்காரர், தினமும் பஸ்ஸில் மேலே வந்து போகிறவர், வேலைக்கு வந்து முதல் வருஷம். நல்ல பெண். பிள்ளைகள்மேல் சத்தம்கூடப் போடமாட்டார்.

அழகான வழக்கம்தான். ஆனால் பிள்ளைகள் நம்மைவிட வேகமானவர்கள் அல்லவா? ஒரு வாரத்தில் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் மகன் ஜெஃப்ரின், பக்கத்து பெஞ்சுப் பையனிடம் குசுகுசுவென்று சொல்கிறான்: “நீ கிரயானைக் கீழ போடு. நான் எடுத்துத் தர்றேன். அப்புறம் நான் போடறேன், நீ எடு. ரெண்டு பேருக்கும் ஆச்சு.”

என் வாளியை ஒருவன் தூக்கிக்கொடுக்க வந்து பாதித் தண்ணீரை என் சேலையில் கொட்டினான். அதற்கும் ஒரு தாள். மிஸ் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு நல்லதும் நடக்காது. மிஸ் திரும்பினால்… அடடா, வகுப்பே புண்ணியவான்கள்!

சிரிக்காதீர்கள். கோயிலுக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதில் நம் பேர் எழுதியிருக்கும் இடமாகப் பார்த்து நாம் போய் உட்காருவதில்லையா?

இதில் தர்ஷினி எங்கே இருந்தாள்? அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. அவள் வருகிற பஸ் எப்போதும் தாமதம். டிசம்பரில் கேட்கவே வேண்டாம், லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் வரும். அவள் அம்மாவுக்கும் அது கவலை. “பஸ்ஸுலயே புள்ள பாதி நாளு தூங்கிருதுங்க. பேசாம ஊருல அங்கன்வாடியிலயே உட்டரலாம்ங்கறாருங்க அவரு. எனக்குத்தான் மனசில்லீங்க, இங்கன்னா நாலு எழுத்து நல்லாப் படிக்குமுல்லீங்க” என்று மாத ஆரம்பத்தில் என்னிடம் சொல்லியிருந்தார். ஜனவரியில் பிள்ளை இங்கே வருமா, ஊரோடு நிற்குமா என்பது அந்த வீட்டில் தீராத பேச்சு.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

செல்வம் கட்டை இறக்கினார். சுற்றிப் பார்த்தார். மூலையில் தொட்டி. அடியில் வைக்கோல் கொஞ்சம் கிடந்தது — பல நாள் புண்ணியம்.

“இதுங்களா? அட, இத்தனைதானுங்களா போட்டிருக்கறீங்க? இது எலிக்குக்கூடப் பத்தாதுங்களே!”

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கட்டைப் பிரித்துத் தொட்டி நிறைய அள்ளிப் போட்டுவிட்டார். கையால் அமுக்கினார். இன்னும் போட்டார். அப்புறம் தோளில் தொங்கிய பையிலிருந்து துவைத்து மடித்த பழைய நூல் சேலை ஒன்றை எடுத்தார்.

“எங்க ஊட்டுல பச்சக் கொழந்தைக்குப் புதுத் தாளுதானுங்க. மேல இந்த மாதிரிப் பழஞ்சீலை. பஞ்சு மாதிரி இருக்குமுங்க. பாப்பாவும் அதுலதான் கெடந்துச்சு.” பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவும் வந்தது. “இது தாய்க்காரிக்குங்க. சுக்கு, மொளகு, வெல்லம் போட்டு எங்க ஊட்ல இடிச்சுக் குடுத்துச்சு. புள்ள பெத்த ஒடம்புக்கு நல்லதுங்க.”

பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டுத் தொட்டியையே பார்த்தார்கள்.

அப்புறம் ஜெஃப்ரின் எழுந்தான். “மிஸ்! இது சீட்டிங் மிஸ்! நல்லது செஞ்சாத்தானே போடணும்?”

“என் தாள் எல்லாம் அடியில போச்சு மிஸ்!” என்று ஒருத்தி அழுதாள். ஒருத்தி அழுதால் போதாதா? பின்னாலேயே பாதி வகுப்பு.

ஷீலா மிஸ் பதறிப்போனார். “அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது ஒவ்வொரு தாளாத்தான் போடணும். பிள்ளைங்க ஏதாச்சும் நல்லது செஞ்சா…”

செல்வம் குழம்பிப்போய் நின்றார். “ஒவ்வொண்ணாப் போட்டா கொழந்தை வர்றதுக்குள்ள நெறையாதுங்களே டீச்சர்?”

“அங்கிள், அது பொம்மை!” என்றான் ஜெஃப்ரின். “பீரோவுல இருக்குது. நான் பாத்திருக்கேன்!”

அழுதுகொண்டிருந்ததுகள் எல்லாம் சிரிக்க ஆரம்பித்தன. பிள்ளைகள் சிரிப்புக்கு விஷம் கிடையாது. ஆனால் சத்தம் அதிகம்.

“ஓ… பொம்மைங்களா?” செல்வமும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. “செரிங்க, செரிங்க. நான் ஒரு மடையன். கொழந்தை சொல்லுச்சுன்னு…” குனிந்து தாளை எடுக்க ஆரம்பித்தார். அன்றைக்குக் காப்பி பறிக்கிற வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

தர்ஷினி அழவில்லை. நேரே தொட்டிக்குப் போனாள். இரண்டு கையாலும் அள்ளினாள் — சாமைத் தாள், நெல் வைக்கோல், எல்லாம் சேர்த்து. தொட்டி சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி ஆகும்வரை அள்ளினாள்.

“மிஸ், என்னோடதையும் எடுக்கறா!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கட்டைத் தூக்கினார், மகள் விரலைப் பிடித்தாள், இரண்டு பேரும் மூடுபனிக்குள் போய்விட்டார்கள். சேலையும் டப்பாவும் மட்டும் பெஞ்சின்மேல்.

மறுநாள் தர்ஷினி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

வகுப்பு எப்படி இருந்தது என்கிறீர்கள்? தொட்டி காலி. யார் எத்தனை தாள் போட்டார்கள் என்று ஒரே தகராறு. மிஸ் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். ஆனால் உற்சாகம் போய்விட்டது. கிரயானைப் போடவும் ஆள் இல்லை, எடுக்கவும் ஆள் இல்லை.

அந்த மருந்து டப்பாவை நான் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அறையில் கொண்டுபோய் வைத்திருந்தேன். சிஸ்டருக்கு ஒரு வாரமாகச் சளி. புதன்கிழமை கூப்பிட்டார்.

“ஆரோக்கியம்மா, இந்த உருண்டை யார் குடுத்தது? ரெண்டு சாப்பிட்டேன், தொண்டை நல்லா கேக்குதே!”

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இது என்ன மருந்து, யாருக்கு வந்தது, எப்படி வந்தது… எல்லாம். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் போன இருமல் திரும்ப வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு டப்பாவை மூடினார்.

“அந்தப் பிள்ளை வரலையா?”

“இல்லீங்க சிஸ்டர்.”

“நீங்களும் ஷீலாவும் போய்ப் பாத்துட்டு வாங்க.”

சனிக்கிழமை போனோம். பஸ்ஸில் ஷீலா மிஸ் வழியெல்லாம் ஒத்திகை. “ஆயாம்மா, முதல்ல ஸாரி சொல்லட்டுமா? இல்ல, அட்டென்டன்ஸ் பத்திப் பேசட்டுமா? நீங்க பெரியவங்க, நீங்களே ஆரம்பிச்சிருங்களேன்.”

“நானா? எனக்குப் பேச வராது கண்ணு. நான் பின்னால நிக்கறேன்.”

கண்டக்டருக்குச் செல்வத்தைத் தெரிந்திருந்தது. “தாளுக்கட்டுக்காரருங்களா? அன்னிக்கு பஸ்ஸு பூராத் தாளு. ‘ஏனுங்க, இது பஸ்ஸா, மாட்டுக் கொட்டாயா?’ன்னு கேட்டேன். ‘ஸ்கூல்ல கொழந்தை பொறந்திருக்குது’ங்கறாரு. நானும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலீங்க!”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் செல்வத்தின் மனைவி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து பாய் எடுத்துப் போட்டார். செல்வம் வந்தார். முகம் கொடுத்துத்தான் பேசினார். ஆனால் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு பேசினார்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர். பஸ்ஸுதானுங்க சரியில்ல. ஜனவரியிலிருந்து இங்க அங்கன்வாடியிலயே உட்டரலாம்னு இருக்கறமுங்க. பக்கத்துல. நடந்தே போயிக்கும்.”

மிஸ் வாயைத் திறந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. மாடு மட்டும் அசை போட்டுக்கொண்டிருந்தது.

செல்வத்தின் மனைவிதான் சங்கடம் தாங்காமல் கேட்டார்: “அந்த மருந்து டப்பா… கெட்டுப் போயிருக்குமுங்க. கொட்டிட்டீங்களா?”

“இல்லீங்க, சிஸ்டர் சாப்பிட்டுட்டாங்க” என்றது என் வாய்.

சத்தியமாக நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.

செல்வத்தின் மனைவி ஒரு நொடி விழித்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “சாமீ… அது புள்ள பெத்தவளுக்குங்க!”

“சளிக்கும் நல்லாத்தான் கேக்குதாமா” என்றேன்.

செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மீசைக்குக் கீழே பல் தெரிந்தது. அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது; போதவில்லை. “ஆனாலும் பஸ்ஸு சரியில்லீங்க” என்றார் மறுபடியும்.

மொச்சை முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து தர்ஷினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

“வந்துருச்சா?”

“இன்னும் வல்ல சாமி.”

“தாளு?”

“கொஞ்சூண்டு கெடக்குது.”

“கட்டை தெரியுதா?”

“தெரியுது.”

அவள் ஒரு விதையை முறத்தில் போட்டாள். “குளுருமில்ல?”

ஷீலா மிஸ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். “தர்ஷினி, நீ ஏன் கண்ணு ஒரு நாள்கூட மிஸ்கிட்டத் தாள் வாங்கலை?”

“நான் வர்றப்ப முடிஞ்சிருது மிஸ்.”

“என்ன முடிஞ்சிருது?”

“நல்லது.”

உண்மைதான். மிஸ் தாள் கொடுப்பதெல்லாம் காலை பிரேயரிலிருந்து பால் குடிக்கிறவரை. டம்ளர் எடுத்துக் கொடுப்பது, பாய் விரிப்பது, கிரயான் பொறுக்குவது, செருப்பை வரிசையாக வைப்பது எல்லாம் அப்போதுதான். அதற்கு மேல் ஏ.பி.சி.டி. வந்துவிடும். கதவு திறந்து இவளை உள்ளே விடும்போது பிஸ்கட் டப்பாவை மூடி அலமாரியில் வைத்திருப்போம். தனக்கு ஒரு தாள்கூட வாய்க்காது, குழந்தையோ கட்டையில் படுக்கப் போகிறது என்று தெரிந்ததும், அவள் வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இவ்வளவுதான் நடந்தது.

மிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வத்திடம் திரும்பினார். ஸாரி என்றோ அட்டென்டன்ஸ் என்றோ எதுவும் சொல்லவில்லை. “அண்ணா, அந்தத் தாள்கட்டு வேணும். தொட்டி நிறையலைங்க.”

செல்வம் தலையைச் சொறிந்தார். “அத மாடு தின்னுருச்சுங்களே!”

“வேற இருக்குங்களா?”

“தாளுக்கென்னங்க, களத்துல கெடக்குது. ஆனா… ஒரு பொம்மைக்கு எதுக்குங்க அத்தனை?”

தர்ஷினிதான் மொச்சையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“பொம்மை பீரோவுலப்பா. கொழந்தை இன்னும் வல்ல. வர்றப்ப எங்க படுக்கும்?”

செல்வம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். “செவ்வாக்கெழமை கொண்டாறனுங்க” என்றார். “ஜனவரிக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. தாளு மட்டும் கொண்டாறன்.”

செவ்வாய்க்கிழமை ஷீலா மிஸ் ஒரு வேலை செய்தார். பிரேயரைத் தள்ளிவைத்தார். பால் கிடையாது, பாய் விரிப்பது கிடையாது. மொத்த வகுப்பையும் ஸ்வெட்டர், குல்லாயோடு வரிசையாக நிறுத்தி, பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி. கடைசிப் பெட்டி நான்.

பஸ் வரவில்லை. காத்திருந்தோம். இன்னும் வரவில்லை.

“மிஸ், எப்ப வரும்?”

“வரும்.”

“மிஸ், கால் வலிக்குது.”

“வரும் கண்ணு.”

ஜெஃப்ரின் கையைக் கட்டிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி சொன்னான்: “இவ தினமும் இப்படித்தான் வர்றாளா?”

ஒருவழியாக மஞ்சள் லைட் இரண்டு பனியில் தெரிந்தது. கதவு திறந்ததும் முதலில் தாள்கட்டு இறங்கியது, பிறகு செல்வம், பிறகு தர்ஷினி. வரிசையைப் பார்த்து அப்படியே படியில் நின்றுவிட்டாள். செல்வம் அங்கேயே கட்டைப் பிரித்தார். தர்ஷினி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி கொடுத்தாள். கடைசியாக நின்ற ஜெஃப்ரின் முறை வந்ததும் கையை நிறுத்திக்கொண்டாள். ஏற இறங்க அவனைப் பார்த்தாள்.

“கீழ கொட்டாத புடி.”

கொடுத்துவிட்டாள்.

பஜார் வழியாகத் திரும்பினோம். தாள் சிந்திக்கொண்டே வந்தது. மிளகாய் பஜ்ஜி போடுகிறவர் சட்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு மாடு வந்து வரிசையில் எனக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. ஸ்கூல் கேட் வரைக்கும் வந்தது. தொட்டி நிறைந்து வழிந்தது. யாருடையது அடியில், யாருடையது மேலே என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. ஜெஃப்ரின்கூடக் கேட்கவில்லை. அன்றையிலிருந்து பிஸ்கட் டப்பாவை மிஸ் மூடுவதும் இல்லை. வீட்டுக்குப் போகிற மணி அடிக்கிறவரை திறந்தே இருக்கும்.

புரோகிராம் அன்று செல்வம் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வராமல் வாசல் ஓரமாகவே நின்றார். பாட்டு முடிந்து, சிஸ்டர் குழந்தையைக் கொண்டுவந்து தாளின்மேல் அந்தப் பழைய சேலையை விரித்துக் கிடத்தினார். கூட்டம் கேக் இருக்கும் பக்கம் நகர்ந்தது. அப்போது அவர் மெதுவாக வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சேலைக்கு அடியில் கையை விட்டு ஓர் ஓரமாக அமுக்கிச் சரிசெய்தார்.

“தலமாட்டுல மேடா இருந்துச்சுங்க” என்றார் என்னிடம்.

ஜனவரியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு எங்கே?

விடுமுறை முழுவதும் எனக்கு அதே நினைப்பு. போன வாரம் பள்ளி திறந்தது. பிரேயர் முடிந்தது. பால் குடித்தாயிற்று. தர்ஷினி இடம் காலி. ஷீலா மிஸ் போர்டில் எழுதுவதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினேன்.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். தர்ஷினி என் கைக்குக் கீழே நுழைந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நேரே போய் ஜெஃப்ரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பை தோளில்தான் இருந்தது. அதற்குள் சண்டை!

ஆம், சண்டை. அது இன்னும் ஓயவில்லை. முதல் கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தொட்டியில் கிடந்தது நெல்தாள்தான் என்கிறான் ஜெஃப்ரின். சாமைத் தாள் என்கிறாள் தர்ஷினி; இல்லையென்றால் குழந்தைக்குக் குத்தியிருக்காதா என்கிறாள். மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. எனக்கு ஞாபகம் இல்லை. படித்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்? பைபிள் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது அது என்ன தாள் என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்ற விவரங்களில் நான் தப்பாக எழுதியிருந்தாலும் அப்படியே திருத்திவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. நேற்று இரண்டு பேரும் தங்கள் அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.